தண்ணீரில் கண்டம், கரண்டிலும் கண்டம்

'தண்ணீரில் கண்டம்' என்று ஜோசியர்கள் சொல்வதில் ஒரு சௌகரியம் உண்டு. ஆற்றில் விழுந்தாலும் பலிக்கும். பாத்ரூமில் வழுக்கினாலும் பலிக்கும். நாலு நாள் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் பலித்த மாதிரிதான். ஆனால் 'கரண்டில் கண்டம்' என்று இதுவரை எந்த ஜோசியரும் எழுதினதில்லை. நவக்கிரகங்களுக்கு ஒயரிங் கிடையாது என்பது காரணமாக இருக்கலாம்.

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவன் ஜாதகத்தில் இந்த இரண்டு கண்டமும் உண்டு. நடுவில் கொண்டை ஊசி வளைவில் ஒரு உப கண்டமும் உண்டு.

என் வண்டிக்கு நாற்பது வயசுக்கு மேல் ஆகிறது. கம்பெனி பெயர் வேண்டாம். வயதானவர்களைப் பற்றி வெளியில் குறை சொல்லக் கூடாது. வீட்டில் அதற்குப் 'பெரியவர்' என்று பெயர். காலையில் காபியோடு மனைவி கேட்கும் முதல் கேள்வி, "என்னங்க, பெரியவர் இன்னிக்கு எந்திரிச்சாரா?"

பெட்ரோல் சம்பந்தப்பட்ட கோளாறு என்றால் கண்ணுக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியும். கரண்ட் அப்படியில்லை. அது பேய் மாதிரி. இருக்கும்போது தெரியாது. இல்லாதபோதுதான் இருந்தது என்று தெரியும்.

பெரியவருக்கு 6 வோல்ட் உடம்பு. இப்போது வருகிற வண்டிகள் எல்லாம் 12 வோல்ட். 'வோல்ட் பாதிதானே, அதனால் என்ன?' என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். 35 வாட் ஹெட்லைட் பல்பு 12 வோல்ட்டில் எரிந்தால் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். அதே 35 வாட்டில் 6 வோல்ட்டுக்கான பல்பு கிட்டத்தட்ட 6 ஆம்பியர் இழுக்கும். வழியில் எங்கோ ஒரு கனெக்டரில் துரு. அதன் தடை வெறும் 0.1 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் வண்டியில் அங்கே தொலைவது 0.3 வோல்ட், யாருக்கும் தெரியாது. பெரியவரிடம் தொலைவது 0.6 வோல்ட். அதாவது பத்தில் ஒரு பங்கு. பல்பு இருக்கிறதே, அது ரொம்ப ரோஷக்காரன். வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைத்துவிடும். ஒரு துரும்புத் துரு, மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் காலி!

அதனால்தான் பழைய வண்டிக்காரர்கள் ராத்திரியில் ஹெட்லைட்டை நம்புவதில்லை. நிலாவை நம்புவார்கள்.

இன்னொரு வியாதி கண்டென்சர். கட்டைவிரல் தண்டிக்கு ஒரு டப்பா. காலையில் ஒரே உதையில் கிளம்பும். இருபது கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் ரோட்டோரமாக நின்றுவிடும். உதைத்தால் அசையாது. பக்கத்தில் டீக்கடை இருந்தால் ஒரு டீ, ஒரு வடை, தினத்தாளில் நாலு பக்கம். திரும்பி வந்து உதைத்தால், 'கூப்பிட்டீங்களா?' என்று கிளம்பும். ஆறினால் சரியாகிவிடுகிற கண்டென்சர். இது தெரியாமல் டீயில்தான் ஏதோ மகிமை இருக்கிறது என்று நம்புகிற நண்பர்கள் எனக்கு உண்டு.

*

பெரியவருக்குக் குடும்ப டாக்டர் எங்கள் பேட்டை பாய். எழுபதைத் தாண்டிவிட்டார். கையில் இருக்கும் கருவிகள் மொத்தம் மூன்று: ஒரு ஸ்க்ரூ டிரைவர், உப்புத்தாள் ஒரு துண்டு, இரண்டு ஒயர் ஒட்டின சின்ன பல்பு. அந்த பல்பை இங்கே தொடுவார், அங்கே தொடுவார். எரிகிறதா, இல்லையா, அவ்வளவுதான் ஸ்கேன்.

"சார், கரண்ட்டுக்குப் போறதுக்கு ஒரு வழி, திரும்பி வர்றதுக்கு ஒரு வழி. எல்லாரும் போற வழியத்தான் பாக்குறாங்க. திரும்பி வர்ற வழிய எவனும் பாக்குறதில்ல" என்பார்.

எர்த்தைச் சொல்கிறார். பேட்டரியிலிருந்து வண்டியின் இரும்புக்கு வரும் அந்தத் தடி ஒயர். போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்டோ துருவோ இருந்தால் புது பேட்டரி, புது பல்பு, புது ஸ்விட்ச் எல்லாம் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. பாய் உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்துக் கொஞ்சம் வாசலைன் தடவுவார். லைட் பளிச்சென்று எரியும். இருபது ரூபாய் வாங்கிக்கொள்வார். கூடக் கொடுத்தால் கோபம் வரும்.

*

இனி ரோடு. எனக்குப் பிடித்த ரோடுகள் மூன்று.

ஒன்று, ஆழியாறிலிருந்து வால்பாறை. 40 கொண்டை ஊசி வளைவுகள். 9-வது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட்டில் நிறுத்தினால் கீழே ஆழியாறு அணை தட்டில் ஊற்றின தண்ணீர் மாதிரி தெரியும். பக்கத்துப் பாறையில் வரையாடு நின்று, 'பெட்ரோல் இல்லாமலே நாங்கள் ஏறுகிறோமே' என்று பார்க்கும்.

இரண்டு, கொல்லிமலை. 70 வளைவுகள். ஏறி முடித்த பிறகு வீட்டுக்கு வந்து படுத்தாலும் கட்டில் வளைந்து வளைந்து போகும்.

மூன்று, இதற்கு நேர் எதிர். தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் ஊரும் ரயிலும் சேர்ந்து போன இடம். ரொம்ப வருஷம் மணலில் ஜீப்பில்தான் போக முடிந்தது. 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு போட்டார்கள். வளைவே இல்லாமல் இரண்டு பக்கமும் கடல். உலகம் இங்கே முடிகிறது என்று ஒரு ஆக்ஸிலேட்டரில் போய்த் தெரிந்துகொள்ளலாம். ஆனால் உப்புக் காற்று பட்ட ஒயர் முனையெல்லாம் பச்சைப் பாசி பிடித்துவிடும். தனுஷ்கோடி போய் வந்தால் பாய்க்கு ஒரு நாள் வேலை உண்டு.

வால்பாறைக்கு வருகிறேன். ஒரு ஜூன் மாசம் இறங்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஐந்தரை மணிதான், ஆனால் மூடுபனி. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. பெரியவரின் ஹெட்லைட் ஒவ்வொரு வலது வளைவிலும் கண் சிமிட்டியது. யாரையோ பார்த்துச் சிமிட்டுகிறார் என்று விட்டுவிடலாம். இருபதாவது வளைவில் மொத்தமாகக் கண்ணை மூடிக்கொண்டார். பின் லைட்டும் கூடவே உடன்கட்டை.

ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நிற்கலாம் என்றால் நிற்பவனைப் பனியில் யாருக்கும் தெரியாது. போகலாம் என்றால் ரோடு எனக்குத் தெரியாது. பின்னால் ஒரு பஸ் வந்தது. ஹாரன் அடித்து ஓவர்டேக் பண்ணிக்கொண்டு போகும் என்று ஓரம் ஒதுங்கினேன். போகவில்லை. பத்தடி பின்னாலேயே, நான் ஓட்டுகிற வேகத்துக்கு ஊர்ந்து வந்தது. வளைவு வந்தால் லைட்டை ஏற்றி இறக்கிக் காட்டியது. ஆழியாறு செக்போஸ்ட் வரைக்கும் அந்த பஸ்ஸின் வெளிச்சத்தில்தான் இறங்கினேன்.

இறங்கிப் போய் டிரைவருக்குக் கும்பிடு போட்டேன். "உங்களை உட்டுப்போட்டு நான் முன்னால வந்துட்டா, பொறவால வர்றவன் கண்ணுக்கு நீங்க தெரிய மாட்டீங்கல்லங்க" என்றார், வெற்றிலையை மென்றுகொண்டே. கண்டக்டர் விடவில்லை: "இருபது வளைவு எங்க வெளிச்சத்துல வந்திருக்கறீங்க. ஒரு டிக்கெட் எடுத்துப்போடுங்க!"

ஊர் வந்ததும் பாய் வண்டியைப் பார்த்தார். பல்பு நன்றாக இருக்கிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது. ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பினார். இடது பக்கம் திருப்பினால் வெளிச்சம். வலது பக்கம் திருப்பினால் இருட்டு. (நான் அரசியல் பேசவில்லை.) ஹேண்டில் திரும்புகிற கழுத்தில் ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. மேலே பிளாஸ்டிக் உறை அப்படியே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை முழுசாகத் திருப்பும்போதும் அந்த இடத்தில் ஒயர் மடங்கி நிமிர்கிறது. கம்பியை முன்னும் பின்னும் மடக்கினால் ஒடியுமே, அதேதான். ஏற 40, இறங்க 40. எனக்குப் பிடித்த ரோடுதான் என் ஒயரைத் தின்றிருக்கிறது.

இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் விற்கிற புது டூவீலர்களில் என்ஜின் ஓடினால் ஹெட்லைட் தானே எரிய வேண்டும் என்பது விதி. பகலில் எதற்கு என்று கேலி செய்தவர்கள் ஒரு முறை அந்தப் பனியில் இறங்கிப் பார்க்கலாம். லைட் நாம் பார்ப்பதற்கு மட்டும் இல்லை, நம்மைப் பார்ப்பதற்கும்தான்.

*

கடைசியாகத் தண்ணீர்.

மோட்டார் சைக்கிள்காரனுக்குப் படகில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். காவிரிக் கரையில் அது தினசரி சமாசாரம். சேலம் மாவட்டப் பூலாம்பட்டியிலிருந்து ஈரோடு மாவட்ட நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகில் டூவீலரையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். சுற்றிக்கொண்டு போகிற பெட்ரோலும் நேரமும் மிச்சம். மேட்டூரில் நிறையத் தண்ணீர் திறந்துவிட்டால் மட்டும் படகுக்கு லீவு.

நான் சொல்லப்போவது வேறு ஒரு துறை, வேறு ஒரு படகு. ஊர் பெயர் வேண்டாம். படகில் ஐந்து வண்டி, இருபது பேருக்கு மேல். பெரியவரை நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு அடுத்து மொபெட்டில் பால் கேனோடு ஒருவர். எதிரே கைக்குழந்தையோடு ஒரு பெண். எல்லா டூவீலர்காரர்களும் ஹெல்மெட் போட்டிருந்தோம். மூழ்கினால் தலைக்கு அடிபடாது.

நடு ஆற்றில் 'டக்' என்று என்ஜின் நின்றது. "என்னங்க, இதுலயும் கரண்ட் போயிருச்சா?" என்று என் மனைவி கேட்டாள். இல்லை. ஆகாயத் தாமரைக் கொடி அடியில் விசிறியைச் சுற்றிக்கொண்டுவிட்டது. படகு மெதுவாகக் குறுக்கே திரும்பியது. ஒரு பையன் செல்போனை எடுத்துக்கொண்டு எழுந்து ஓரத்துக்கு வந்தான். அவன் என்ன பார்க்கிறான் என்று பார்க்க நாலு பேர் எழுந்தார்கள். படகு சாய்ந்தது. பால் கேன் கழன்று உருண்டு ஆற்றுக்குள் போயிற்று. மூடி திறந்து தண்ணீரில் ஒரு வெள்ளைக் கோடு. காவிரித் தாய்க்குப் பாலாபிஷேகம்!

யாரும் சிரிக்கவில்லை. படகுக்காரர் கத்தவும் இல்லை. தாழ்ந்த குரலில், "ஆரும் எந்திரிக்காதீங்க. எல்லாரும் கீழ உக்காருங்க. வண்டியெல்லாம் படுக்கப் போடுங்க. அம்மிணி, புள்ளைய மடியில வெச்சுக்கோ" என்றார். பெரியவரைப் படுக்க வைத்தேன். நின்றிருந்த கனமெல்லாம் அடிக்குப் போனதும் ஆட்டம் குறைந்தது.

"அண்ணே, லைஃப் ஜாக்கெட்?" என்றேன்.

"அந்தப் பொட்டியில இருக்குதுங்க."

பெட்டியில் திண்டுக்கல் பூட்டு சைஸில் ஒரு பூட்டு.

"சாவி?"

"அக்கரையில இருக்குதுங்க."

அந்தப் பெண் குழந்தையைப் புடவைத் தலைப்பால் தன்னோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு படகில் யாரும் பேசவில்லை. படகுக்காரரின் தம்பி கொடுவாளோடு தண்ணீரில் குதித்துக் கொடியை அறுத்தார். கால் மணி நேரம். அந்தக் கால் மணியில் எனக்கு நினைவுக்கு வந்தவை மூன்று இடங்கள். 2009 செப்டம்பரில் தேக்கடி, 45 உயிர். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு, 22 உயிர். 2023 மே மாசம் கேரளத்தில் தானூர், இன்னொரு 22. எல்லாரும் உல்லாசமாக ஏறினவர்கள்தான்.

கரை சேர்ந்ததும் பால்காரர் சொன்னது ஒரே வார்த்தை: "நாப்பது லிட்டருங்க." யாரும் கேட்காமலே ஹெல்மெட் ஒன்று கை மாறிப் போய் நோட்டுகளோடு திரும்பியது. படகுக்காரர் முதல் நோட்டுப் போட்டார்.

"ஏண்ணே பூட்டி வெச்சீங்க?" என்று அவரிடம் கேட்டேன். "வெளிய வெச்சா களவு போயிருதுங்க. போன வருசம் எட்டு போயிருச்சு. ஆபீசருங்க வந்து எண்ணுனா நானில்ல பதில் சொல்லோணும்?" அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டுமென்றால் பூட்டத்தான் வேண்டும். ஆட்கள் எண்ணிக்கையும் சரியாக இருக்க வேண்டுமென்றால் திறக்கத்தான் வேண்டும். இதைச் சொன்னேன். தலையைச் சொறிந்தார்.

ஒரு மாசம் கழித்து அதே துறைக்குப் போனேன். பெட்டி இருந்தது, பூட்டு இல்லை. கொடியில் துணி காயப்போட்ட மாதிரி ஜாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் பெயின்ட்டில் நம்பர். பாதிப் பேர் வழக்கம்போல, 'வேர்க்குது' என்று போட்டுக்கொள்ளவில்லை. பால்காரர் போட்டிருந்தார். அவருடைய கேனுக்கும் ஒன்று மாட்டி இறுக்கிக் கட்டியிருந்தார்!

உங்கள் ஊரில் படகு ஏறினால், ஏறுவதற்கு முன்னாலேயே சாவி யாரிடம் என்று கேட்டுவிடுங்கள். நடு ஆற்றில் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.