கணக்கில் வராத மூன்றரை ஆண்டுகள்

குத்துச்சண்டையில் எக்காலத்துக்கும் தலைசிறந்தவர் யார் என்று நம் இளைஞர்கள் வாதிடுகின்றனர். ராக்கி மார்சியானோ 49 போட்டிகளில் ஒன்றிலும் தோற்காமல் ஓய்வு பெற்றார். ஜோ லூயிஸ் உலகப் பட்டத்தை 25 முறை தக்கவைத்தார். முஹம்மது அலீயோ 61 போட்டிகளில் ஐந்தில் தோற்றவர். எண்களை மட்டும் நோக்கின் அவர் பின்தங்கியவரே.

ஆயினும், வியட்நாம் போருக்கான படைச்சேர்ப்பைத் தம் மார்க்க நம்பிக்கையை முன்வைத்து 1967இல் அவர் மறுத்தார், பட்டம் பறிக்கப்பட்டது. 25 வயது முதல் 28 வயது வரை, வலிமை மிக்க அப்பருவத்தில், அவர் மேடையேற இயலவில்லை. 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கிற்று. இழந்த ஆண்டுகளைத் திருப்பித் தர எவராலும் முடியவில்லை. அவ்வாண்டுகளை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

முகத்தில் அடிப்பதை நபிகளார் (ஸல்) தடுத்துள்ளார்கள். ஆதலால் அவ்விளையாட்டை நாம் போற்றவில்லை. அதில் வென்றதை இழக்கத் துணிந்த உறுதியையே போற்றுகிறோம். வெவ்வேறு காலத்து வீரர்களை ஒரே மேடையில் நிறுத்த இயலாது. ஆனால் ஒவ்வொருவரும் எதற்காக எதை விட்டுக்கொடுத்தார் என்பதை ஒப்பிடலாம். நம் தொழிலும் வருவாயும் ஈமானுக்குக் குறுக்கே நிற்கும் நாளில் நாம் எதை விடுவோம்? வாதிட வேண்டிய வினா அதுவே.