நகரத் திட்டமிடல் படிப்பு: ஆள் பற்றாக்குறை இருக்கு... ஆனா வேலை இருக்கா?

பிளஸ் டூ முடிச்சுட்டு அடுத்து என்ன படிக்கலாம்னு தேடும்போது ‘பி.பிளான்’ என்ற பெயர் சிலர் கண்ணில் படும். “அப்படின்னா வீட்டு பிளான் போடுற படிப்பா?” என்பதுதான் வீட்டில் வரும் முதல் கேள்வி. அடுத்த கேள்வி, “இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?” முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் ‘இல்லை’ என்று சொல்லிவிடலாம். இரண்டாவதுக்குத்தான் கொஞ்சம் பொறுமையாகப் பேச வேண்டியிருக்கு.

வீட்டு பிளான் இல்லைன்னா வேற என்ன?

கிளாம்பாக்கத்தை எடுத்துக்கோங்க. 2023 டிசம்பர் 30-ம் தேதி புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. கட்டடம் பெரிசு, பஸ் நிற்க இடம் தாராளம். ஆனா திறந்த அன்னைக்கு அங்கே ரயில் நிலையம் தயாராக இல்லை, மெட்ரோவும் இல்லை. மதுரையில் ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலை 4 மணிக்கு மூட்டை முடிச்சோடு இறங்கும் ஒரு குடும்பம், அங்கிருந்து பெரம்பூருக்கு எப்படிப் போகும்? எவ்வளவு செலவாகும்? அடுத்த சில வாரங்களுக்குச் செய்திகளில் ஓடியது இந்தக் கேள்விதான்.

கட்டடத்தை வடிவமைக்க ஆர்க்கிடெக்ட் இருக்கார். அது உறுதியா நிற்க சிவில் இன்ஜினியர் இருக்கார். அது அந்த இடத்தில் வரணுமா, எது முதலில் வரணும், ஜனங்க அங்கே எப்படி வந்து போவாங்க என்று கணக்குப் போடுவதுதான் நகரத் திட்டமிடுபவரின் வேலை. (நம்ம ஊரில் அந்தக் கணக்குக்கு எப்பவும் கடைசி இடம்தான் என்பது தனிக்கதை.)

வெளிநாடுகளில் ‘அர்பன் ஸ்டடீஸ்’ என்று இளநிலையிலேயே தனிப் பட்டம் தருகிறார்கள். நம்ம நாட்டில் அதுக்குப் பக்கத்தில் வருவது 4 வருட பி.பிளான். பாதி வகுப்பறை, பாதி தெரு. ஒரு வார்டுக்குள் போய் எது வீடு, எது கடை, எது காலி மனை, எது ஏரிப் புறம்போக்கு என்று குறித்து, அதை ஜிஐஎஸ் மென்பொருளில் வரைபடமாக்குவார்கள். கூடவே புள்ளியியல், போக்குவரத்து, வீட்டுவசதி, குடிநீர், நிலச் சட்டங்கள் எல்லாம் வரும். வரையுறதைவிட எழுதுறதும் கணக்குப் போடுறதும் அதிகம். இது தெரியாமல் சேர்ந்து திணறுபவர்களும் உண்டு.

12,000 எங்கே, 4,000 எங்கே?

2021 செப்டம்பரில் நிதி ஆயோக் ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டில் நகர்ப்புறம் என்று கணக்கெடுக்கப்பட்ட 7,933 ஊர்களில் 65 சதவீதத்துக்கு மாஸ்டர் பிளானே கிடையாது என்றது அது. மாநிலங்களின் நகர் ஊரமைப்புத் துறைகளுக்கு 12,000-க்கும் மேற்பட்ட திட்டமிடுபவர்கள் தேவை. ஆனா அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 4,000-க்கும் குறைவு. அதிலும் பாதி காலி!

அதாவது ஆள் தேவை 12,000. போட்டிருக்கிற நாற்காலி அதில் மூணில் ஒரு பங்கு. உட்கார்ந்திருப்பது அதிலும் பாதி பேர். ‘நாட்டில் பிளானர்களுக்குப் பெரிய தட்டுப்பாடு’ என்று கேள்விப்படும்போது முதல் எண் மட்டும்தான் நம்ம காதில் விழும். வேலை தேடப் போறவர் பார்க்க வேண்டியது மத்த இரண்டையும்தான்.

அந்த அறிக்கையில் இன்னொரு விஷயமும் இருந்தது. பல மாநிலங்களில் இந்தப் பணிகளுக்கு நகரத் திட்டமிடல் பட்டம் கட்டாயத் தகுதியே இல்லை. ஆர்க்கிடெக்ட்களுக்கு 1972-ம் ஆண்டு சட்டமும் கவுன்சிலும் இருக்கு. திட்டமிடுபவர்களுக்கு 1951-ல் தொடங்கிய தொழில்முறை அமைப்பு இருக்கே தவிர, சட்டப்படியான கவுன்சில் இல்லாத நிலையைச் சுட்டிக்காட்டி, அதை அமைக்கச் சொல்லி நிதி ஆயோக் பரிந்துரைத்தது. 2022 மத்திய பட்ஜெட்டில், 5 கல்வி நிறுவனங்கள் வரை சிறப்பு மையங்களாக்கி, தலா 250 கோடி ரூபாய் தரப்படும்னு அறிவிச்சாங்க. நல்ல விஷயம்தான். ஆனா அது படிப்புக்கான பணம். மாநிலத் துறைகளில் பணியிடத்தை உருவாக்க வேண்டியது மாநில அரசுகள்.

தமிழ்நாட்டில் தேவை கண்ணுக்குத் தெரியுது. 2011 கணக்கெடுப்பிலேயே 48 சதவீதம் பேர் நகரவாசிகள். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை பெருநகரப் பகுதி, 2022-ல் 5,904 சதுர கிலோமீட்டரானது. கிட்டத்தட்ட 5 மடங்கு. கோவை, மதுரை, திருப்பூர், ஓசூருக்கும் தனி வளர்ச்சிக் குழுமங்கள் அறிவிக்கப்பட்டன. இதுக்கெல்லாம் ஏற்ற அளவுக்கு நிரந்தரப் பணியிடங்கள் வருமா என்பதில்தான் இன்னைக்குச் சேரும் மாணவரின் எதிர்காலம் இருக்கு. இப்போதைக்குத் தனியார் ஆலோசனை நிறுவனங்கள், மெட்ரோ திட்டங்கள், ஜிஐஎஸ் நிறுவனங்கள், ரியல் எஸ்டேட், தொண்டு நிறுவனங்கள் என்று வாய்ப்புகள் சிதறிக் கிடக்கு. ஒப்பந்த வேலைகளும் நிறைய.

சேரணும்னா?

பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும். டெல்லி, போபால், விஜயவாடாவில் உள்ள மத்திய அரசின் எஸ்.பி.ஏ. நிறுவனங்களில் சேர ஜேஇஇ மெயின் தேர்வின் 2பி தாள் எழுத வேண்டும். பி.ஆர்க் தாளில் இருக்கும் ஓவியத் தேர்வு இதில் இல்லை. அதற்குப் பதில் திட்டமிடல் சார்ந்த கேள்விகள் வரும். ஜேஇஇ என்றாலே பி.டெக் என்று நினைத்து, இந்தத் தாளுக்கு விண்ணப்பிக்காமல் விடுபவர்கள் அதிகம்.

இப்பவே முடிவெடுக்கத் தயக்கமா? சிவில் அல்லது பி.ஆர்க் முடித்துவிட்டு 2 வருட எம்.பிளானில் சேரவும் வழி இருக்கு. புவியியல், பொருளாதாரம், சமூகவியலில் முதுநிலை முடித்தவர்களையும் பல நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றன.

கல்லூரியைத் தேர்வு செய்யும் முன், கடைசி 2, 3 பேட்ச் மாணவர்கள் எங்கே வேலை பார்க்கிறாங்க, அதில் நிரந்தர வேலை எத்தனைன்னு நேரடியா கேளுங்க. அரசு வேலைதான் இலக்குன்னா, நகர் ஊரமைப்புத் துறைக்கு வந்த பழைய டிஎன்பிஎஸ்சி அறிவிக்கைகளை எடுத்து, கல்வித் தகுதி என்ற இடத்தில் பி.பிளான் இருக்கான்னும் பார்த்துக்கோங்க.