தேனீக்களைக் கொல்லும் தொற்று

ஆலைச் சங்கொலி கேட்டெழும் விம்கோ நகர்வாசிகளுக்குத் தேனீயின் பிணி அற்ப விஷயமாகத் தோன்றலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. 1991-ல் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னாட்டில் பரவிற்று. புழுக்கள் கூட்டுப்புழுவாகுமுன்னரே நீர் நிறைந்த பைபோலாகி மடிந்தன. சில ஆண்டுகளில் இந்தியத் தேனீக் குடும்பங்களில் நூற்றுக்கு 90-க்கு மேல் அழிந்தன. மார்த்தாண்டம் பகுதியில் ரப்பர்த் தோட்டங்களை நம்பிப் பெட்டி வைத்த ஏழைக் குடியானவர்கள் கதிகலங்கினர்.

இந்நோய்க்குக் கைகண்ட மருந்து இன்றுமில்லை. எதிர்த்துப் பிழைத்த குடும்பங்களே பின்னர் இத்தொழிலை உயிர்ப்பித்தன. ஆகையால் அத்தகையவற்றைத் தேர்ந்து பெருக்குவதும், நோயுற்ற பெட்டிகள் ஊர்விட்டு ஊர் செல்லாமல் தடுப்பதுமே வழி. கதர் கிராமத் தொழில் கமிஷனும் ராஜ்ய சர்க்காரும் பெட்டிகளைப் பரிசோதித்த பின்னரே விநியோகிக்க வேண்டும். கூடுகள் காலியானபின் அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றுவதால் யாருக்கு என்ன பயன்?