சுழலாத இருக்கை

‘இது திறமையாட்டம், உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது’ என்ற வாக்கியத்தைத் திருப்பதி மாணவர் விடுதிகளில் தெலுங்கிலும், சித்தூர், நகரிப் பக்கத்து மாணவர்களிடம் தமிழிலும் பலமுறை கேட்டிருக்கிறேன். ரம்மியோ போக்கரோ பணம் கட்டி ஆடுவதற்கு அவர்கள் காட்டும் நியாயம் அது. இணைய விளம்பரங்கள் ஆண்டுக்கணக்கில் ஓதிக்கொடுத்த பாடமும் அதுவே. மூலத் தீர்ப்பைத் தேடிப் படித்தவர்கள் குறைவு. படித்தவர்களும் முதற்பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

அது ஆந்திர வழக்கு. 1963இல் செகந்திராபாத்தில் ஒரு பொழுதுபோக்கு மன்றத்துக்குள் காவல்துறை நுழைந்து, பணம் வைத்து ரம்மி ஆடியவர்களைப் பிடித்தது. ‘ஆந்திரப் பிரதேச அரசு எதிர் கே. சத்தியநாராயணா’ என்ற பெயரில் அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1967 நவம்பரில் முடிந்தது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்கவும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தேரவும் திறமை வேண்டும். ஆகவே ரம்மியில் திறமையே மேலோங்குகிறது என்று நீதிபதி ஹிதாயத்துல்லா எழுதினார். மூன்று சீட்டு ஆட்டத்தை, இங்கே தெலுங்கில் ‘மூடு முக்கலாட்ட’ எனப்படுவதை, முழுக்க அதிர்ஷ்டம் என்று ஒதுக்கினார். விளம்பரங்களில் வராத மறுபாதி இது: மன்றத்தை நடத்துபவர் அந்த ஆட்டத்திலிருந்து ஆதாயம் பெறுகிறார் என்பதற்குச் சான்று இருந்தால், ரம்மியே ஆனாலும் குற்றம் நிலைநாட்டப்படலாம். செகந்திராபாத் மன்றம் வசூலித்த சிறு கட்டணத்தை வசதிகளுக்கான செலவாகக் கருதியதால்தான் அவர்கள் தப்பினார்கள்.

போக்கரில் திறமை உண்டா என்பதில் எனக்கு ஐயமில்லை. நினைவாற்றலைவிட வலுவான சான்று அதற்கு இருக்கிறது: இருக்கை. ஆனால் அந்தச் சான்றைக் கடைசிவரை பின்தொடர்ந்தால், அது நிறுவனங்களின் கட்சிக்கு எதிராகவே போய் முடிகிறது என்பது என் கருத்து.

மங்காத்தாவில் யார் எங்கே அமர்ந்தாலும் ஒன்றுதான். உள்ளே அல்லது வெளியே என்று சொல்லிப் பணத்தை வைத்த பிறகு ஆடுபவர் செய்வதற்கு எதுவுமில்லை. ரம்மியில் இடம் ஓரளவு பொருட்படுத்தத் தக்கது. உங்களுக்கு முந்தையவர் கழிக்கும் சீட்டைத்தான் நீங்கள் எடுக்க முடியும், ஆகவே அசட்டையாகக் கழிப்பவருக்கு அடுத்து அமர்வது நல்லது. போக்கரிலோ இடம் ஆட்டத்தின் முதுகெலும்பு. மேசையில் பட்டன் என்னும் வில்லை ஒருவர் முன் இருக்கும். அவருக்கு இடப்புறம் உள்ள இருவர் சீட்டைப் பார்க்கும் முன்பே சிறிய பிளைண்ட், பெரிய பிளைண்ட் என்ற கட்டாயத் தொகைகளை வைக்க வேண்டும். முதற்சுற்றில் பெரிய பிளைண்டுக்கு அடுத்தவர் முதலில் முடிவெடுக்கிறார். பொதுச் சீட்டுகள் மேசையில் விழுந்த பின்னர் வரும் சுற்றுகளில் பட்டன் வைத்திருப்பவரே கடைசியாக முடிவெடுக்கிறார்.

ஒன்பது பேர் மேசையில் இனம் ஒத்துவராத ராஜாவும் பத்தும் கையில் வந்தால், முதலாவதாக முடிவெடுக்க வேண்டியவர் அவற்றைக் கீழே வைப்பதே நல்லது. அவருக்குப் பின்னால் எட்டுப் பேரின் சீட்டுகள் தெரியாமல் கிடக்கின்றன. அதே இரு சீட்டுகள் பட்டனில் இருப்பவருக்கு வந்து, முன்னிருந்த அனைவரும் விலகியிருந்தால் எஞ்சியவர்கள் இருவரே. அப்போது துணிந்து தொகையை உயர்த்தலாம். பொதுச் சீட்டுகள் விழுந்த பிறகும் அப்படித்தான். முதலாமவர் இருட்டில் பேசுகிறார். கடைசியில் இருப்பவர் எல்லோருடைய தயக்கத்தையும் பார்த்துவிட்டு, பந்தயம் வைப்பதா, செலவின்றி அடுத்த சீட்டைப் பார்ப்பதா என்று தீர்மானிக்கிறார். (உரையாடலில் அடுத்துப் பேசுபவர் யார் என்பதற்கு ஒழுங்கு உண்டென்று காட்டிய சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் ஆகியோரின் 1974ஆம் ஆண்டுக் கட்டுரையை மொழியியல் மாணவர்கள் அறிவார்கள். போக்கரில் அந்த ஒழுங்கு முன்கூட்டியே விதியாகிவிட்டது. பேசுவது மட்டும் காசால்.)

இருக்கையின் விலையைக் கணக்கிட்டும் இருக்கிறார்கள். 1950இல் ஹரால்டு கூன் என்ற கணிதவியலாளர் மூன்றே சீட்டுகளைக் கொண்ட சிறு போக்கர் ஒன்றை ஆராய்ந்தார். இருவர், ஆளுக்கொரு சீட்டு, ஆளுக்கொரு காசு, அதற்குமேல் ஒரே ஒரு காசு பந்தயம். சீட்டு இருவருக்கும் சமவாய்ப்பில் வருகிறது. இருவரும் பிழையின்றி ஆடினாலும், முதலில் முடிவெடுப்பவர் ஆட்டம் ஒன்றுக்குச் சராசரியாக ஒரு காசில் 18இல் ஒரு பங்கை இழக்கிறார். பிந்திப் பேசியதற்காக மட்டும் மற்றவருக்குக் கிடைக்கும் கூலி அது. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர், இருவர் ஆடும் வரம்புள்ள போக்கருக்குக் கணினியால் ஏறத்தாழ முழுமையான தீர்வு கண்டார்கள். அங்கும் பட்டனில் இருப்பவருக்கு 100 ஆட்டங்களுக்கு ஏறக்குறைய 9 பெரிய பிளைண்ட் ஆதாயம்.

இந்த ஆதாயத்தைத் திறமை என்பதா, அதிர்ஷ்டம் என்பதா? இரண்டும் பொருந்தவில்லை. அது முறை வகுத்துக் கொடுத்த உரிமை. அதைப் பயன்படுத்தத் தெரிவதுதான் திறமை. ஆட்டம் நியாயமாக இருப்பதும் அந்த முறையால்தான், ஏனென்றால் பட்டன் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் இடம் நகர்கிறது. இன்று எனக்குச் சாதகமான 18இல் ஒரு பங்கு, அடுத்த ஆட்டத்தில் உங்களுக்கு.

மேசையில் நகராத இருக்கை ஒன்று உண்டு. அதில் ஆட்டத்தை நடத்துபவர் அமர்ந்திருக்கிறார். ஒவ்வோர் ஆட்டத்திலும் திரளும் தொகையிலிருந்து ரேக் என்ற பெயரில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சமத் திறமையுள்ள ஆறு மாணவர்கள் ஆளுக்கு 1,000 ரூபாயுடன் உட்காருகிறார்கள். ஆட்டத்துக்குச் சராசரியாக 200 ரூபாய் திரள்கிறது, ரேக் 5 விழுக்காடு, மணிக்கு 60 ஆட்டங்கள் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 600 ரூபாய் மேசையை விட்டுப் போகிறது. பத்து மணி நேரத்தில் 6,000 ரூபாயும் போய்விடும். பட்டன் எல்லோரிடமும் சமமாகச் சுற்றிவந்திருக்கும். ஆறு பேரும் இருக்கை உத்தியைச் செவ்வனே கடைப்பிடித்திருப்பார்கள். உத்தி பொய்யல்ல. மெய்யாக இருப்பதால்தான் அதை நம்பி இரவெல்லாம் உட்கார முடிகிறது.

எங்கள் பக்கத்தில் ‘சீட்டு’ என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: ஏலச்சீட்டு. 20 பேர், 20 மாதம். அவசரக்காரர் அதிகக் கழிவுக்கு முன்னதாக எடுக்கிறார். பொறுப்பவர் கடைசி மாதங்களில் கூடுதலாகப் பெறுகிறார். இதிலும் வரிசைதான் எல்லாம். முதல் சீட்டை நடத்துபவரே எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் 1982ஆம் ஆண்டின் சிட் ஃபண்டு சட்டம், நடத்துபவரின் கமிஷனுக்கு 5 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது 7 ஆனது. சீட்டு எடுப்பவர்களின் திறமையைச் சட்டம் ஆராயவில்லை, நடத்துபவரின் இருக்கையைத்தான் அளந்தது. இந்த எளிய அறிவு சூதாட்ட வழக்குகளில் எங்கே போயிற்று என்பது எனக்கு விளங்கவில்லை.

சட்டம் படிக்கும் நண்பர்கள் 1957ஆம் ஆண்டின் சமர்பாக்வாலா தீர்ப்பை நினைவூட்டுவார்கள். சூதாட்டம் தொழிலாகாது, திறமைப் போட்டி தொழிலாகும். தொழிலாகும்போது அரசமைப்பின் 19ஆம் பிரிவு காக்கும். அதனால்தான் எல்லா வழக்குகளும் திறமையைச் சுற்றியே நடந்தன. ஆனால் திறமை ஆடுபவருடையது. அதன் பெயரால் கேட்கப்படும் தொழிலுரிமை நிறுவனத்தினுடையது. விடுதி மாணவன் பட்டனில் எப்போது உயர்த்துவது என்று கற்றுக்கொள்வதற்கும், அவன் தொகையில் பங்கு எடுக்கும் உரிமை இன்னொருவருக்கு உண்டு என்பதற்கும் இடையே என்ன தருக்கத் தொடர்பு?

இந்தக் குழப்பத்தின் விளைவை எல்லையோரத்தில் வாழ்பவர்கள் கண்ணாரக் கண்டோம். ஆந்திரம் 2020இல் தன் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி இணையவழிப் பணப் பந்தயத்தைத் தடுத்தது. பணம் இழந்தவர்களின் தற்கொலைகளைக் கண்டு தமிழ்நாடும் தடைச் சட்டம் இயற்றியது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. அதன் பிறகு சித்தூரில் திறக்காத செயலி, ரயிலேறிக் காட்பாடியில் இறங்கினால் திறந்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் தமிழ்நாடு மீண்டும் சட்டம் செய்தது; ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்ட பகுதியை 2023 நவம்பரில் அதே நீதிமன்றம் செல்லாது என்றது. பட்டியலைப் பொறுத்தவரை நீதிமன்றம் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். போக்கரை அதிர்ஷ்டம் என்பது உண்மைக்குப் புறம்பு; உண்மைக்குப் புறம்பான அடித்தளத்தில் நல்ல சட்டமும் நிற்காது.

2025 ஆகஸ்டில் வந்த ஒன்றிய அரசின் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் இணையவழிப் பண ஆட்டங்களை ஒட்டுமொத்தமாகத் தடுத்துவிட்டது. திறமை என்ற கேடயத்தை அகற்றியதை வரவேற்கிறேன். ஆனால் அது இணையத்துக்கு மட்டுமான சட்டம். ஊர்தோறும் உள்ள மன்றங்களின் மேசைகளுக்கு மாநிலச் சட்டங்களும் பழைய கேள்வியுமே எஞ்சியிருக்கின்றன. நடத்துபவர் எவ்வளவு எடுக்கிறார் என்பதைக் கேட்கும் வாய்ப்பு அங்கே இன்னும் இருக்கிறது. 1967ஆம் ஆண்டுத் தீர்ப்பில் ஆதாயம் பற்றி வரும் அந்த ஒற்றை வாக்கியத்தைப் பின்வந்த தீர்ப்புகள் எங்கெங்கே எடுத்தாண்டன, எங்கெங்கே தாண்டிச் சென்றன என்று யாரேனும் முறையாகத் தொகுத்தால் அது ஓர் ஆய்வேட்டுக்குப் போதுமான பொருள். சட்டத்துறை முதுகலை மாணவர்கள் எவருக்கேனும் விருப்பமிருந்தால் சொல்லுங்கள். உரைப்பகுப்பாய்வுப் பகுதியில் நான் துணைநிற்கிறேன்.