பால் வெட்டுக் கோடு

ரந்தாவ் பக்கம் நான் பிறந்த தோட்டத்தில் இன்று லயமும் இல்லை, ஆயாக்கொட்டகையும் இல்லை. செம்பனை நிற்கிறது. கோயில் மட்டும் சாலையோரமாக இருந்ததால் தப்பித்தது. அங்கிருந்து கிளம்பியவர்களில் பலர் இப்போது சிரம்பானைச் சுற்றியுள்ள மலிவு விலை அடுக்குமாடிகளில்தான் இருக்கிறோம்.

எங்கள் அடுக்குமாடிக்கும் கடை வரிசைக்கும் நடுவே ஒரு பின்சந்து. எண்ணெய்ப் பிசுக்கு பிடித்த கால்வாய், யாரோ போட்டுவிட்டுப் போன சோபா. இருட்டிவிட்டால் பெண்பிள்ளைகள் சுற்றுவழியில்தான் வீட்டுக்கு வருவார்கள். அந்தச் சுவரில் ஓவியம் தீட்ட வேண்டும் என்று நான்கைந்து இளைஞர்கள் மாதிரிப் படங்களோடு வந்தார்கள். மயில், செம்பருத்தி, நடுவில் நின்று படமெடுக்க ஒரு ஜோடி இறக்கை.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது எந்த ஊர் சந்து?" என்று கேட்டேன்.

கோலாலம்பூர் பெட்டாலிங் தெரு அருகே குவாய் சாய் ஹோங் சந்தைப் பாருங்கள். குப்பை மண்டிக் கிடந்த இடம். 2019-இல் அதைச் சுத்தம் செய்து, 1960களில் அங்கே வாழ்ந்த சீனர்களின் அன்றாடத்தையே சுவரில் வைத்தார்கள். சென்னை கண்ணகி நகரின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். ஆற்றோரக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் கொண்டுபோய் வைத்த அடுக்குமாடிகள் அவை. 2020-இல் அவற்றின் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் எழுந்தன. ஒரு சுவரில் அந்தப் பகுதிப் பிள்ளைகளின் சிரித்த முகம்.

வண்ணம் நிலைக்காது என்பதும் உண்மைதான். பினாங்கு அர்மீனியன் தெருவில் 2012-இல் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் நான்கே ஆண்டில் மங்கிப்போக, அவரே வந்து புதுப்பிக்க வேண்டியிருந்தது. எங்கள் சந்தில் கால்வாயைத் தூர்வாரி விளக்கு போடாமல் தூரிகையைத் தொட்டால் ஒரே மழைக்காலம் போதும், பாசி ஏறிவிடும். இளைஞர்களுக்கு இந்தப் பேச்சு ருசிக்கவில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறே மண்வெட்டியோடு இறங்கினார்கள். சோபாவைத் தூக்க ஆறு பேர் தேவைப்பட்டது!

பிறகு மயிலை விட்டுவிட்டு, ஒரு பால்மரத்தைக் கரியால் சுவரில் கோடிட்டார்கள். மூன்றாம் மாடிப் பாட்டி இறங்கி வந்து பார்த்தார். முப்பது வருஷம் விடியுமுன் பெரட்டுக்குப் போனவர்.

"வெட்டு தப்பு ஐயா. இடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ எறங்கணும். இப்படி வெட்டுனா கங்காணி ஏசுவாரு."

அவர் சொன்னது சரி. பட்டைக்குள் பால்குழாய்கள் வலப்புறமாகச் சற்றுச் சாய்ந்து ஏறுகின்றன. அதற்கு எதிர்ச்சரிவில், ஏறக்குறைய 30 பாகையில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் நிறைய வடியும். அங்கே நின்ற பையன்களில் ஒருவனுக்கும் இது தெரியாது. எனக்கே மறந்து போயிருந்தது.

பாட்டி கரித்துண்டை வாங்கினார். கை நடுங்கியது. கோடு மட்டும் நேராக இறங்கியது. மங்கு எந்த உயரத்தில் தொங்க வேண்டும் என்பதையும் அவரே புள்ளி வைத்துக் காட்டினார்.