பிளேட்டுக்கு மேலே கொஞ்சம் மண்



காத்தான்குடியில் வெக்கை தாங்க முடியவில்லை என்று புலம்புகிறோம். அதைக் கூப்பிட்டு வைத்தவர்கள் யார்? நாங்கள்தான். மூத்த மகளுக்கு வீடு கட்ட முற்றம் போனது. இளைய மகளுக்கு மேல்மாடி எழுந்தது. தென்னை, முருங்கை எல்லாம் வெட்டினோம். மிச்ச மண்ணுக்கும் கல் பதித்தோம். பகலெல்லாம் சூடு குடித்த பிளேட், இஷாவுக்குப் பிறகும் அதை வீட்டுக்குள் கக்குகிறது. ஏசி வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளை இரவு தூங்காமல் வந்து வகுப்பில் தூங்கி விழுகிறது.

கனடாவின் டொரண்டோ நகரம் 2009இல் சட்டமே போட்டது: பெரிய புதுக் கட்டடங்களின் கூரையில் ஒரு பகுதி பச்சையாக இருக்க வேண்டும். குளிர் நாட்டுக்காரனுக்கு விளங்கியது எங்களுக்கு விளங்கவில்லையா?

"பிளேட் ஒழுகும்" என்பார்கள். நீர் கசியாத பூச்சும் வேர் இறங்காத விரிப்பும் போடாமல் மண் கொட்டினால் ஒழுகும்தான். ஒரு கன மீட்டர் ஈரமண் ஒன்றரைத் தொன்னுக்கும் மேல். பொறியியலாளரிடம் கேட்காமல் கொட்டவும் கூடாது. பயமென்றால் சாக்கில் கீரை போடுங்கள், பாகலுக்குப் பந்தல் கட்டுங்கள்.

பள்ளிவாசல்களே தொடங்கட்டும். வுழூச் செய்த தண்ணீர் கானுக்குத்தானே போகிறது! நட்ட மரத்தில் பறவை தின்றாலும் ஸதகா என்று மிம்பரில் சொல்கிறோம். அந்த மிம்பருக்கு மேலே உள்ள பிளேட்டில் ஒரு புல்லுக்கும் இடமில்லை.