வடிகால் கட்டினால் வெள்ளம் போய்விடுமா?

மழைநீர் எவ்வளவு சீக்கிரம் ஊரைவிட்டு ஓடுகிறதோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கை மாநகராட்சி முதல் சிற்றூராட்சி வரை வேரூன்றியிருக்கிறது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றால் போதும். வடிகால் கட்டு, சிமென்ட் சாலை போடு, பேவர் பிளாக் பதி என்ற கோரிக்கை எழுகிறது. இந்த நம்பிக்கை தவறானது, கேடானதும்கூட. வடிகால் தண்ணீரை ஒழிப்பதில்லை; அடுத்த தெருவின் தலையில் கட்டுகிறது.

ஒரு சென்ட் பரப்பில் 25 மி.மீ. மழை பெய்தால் சேரும் நீர் ஏறத்தாழ 1,000 லிட்டர். ஒரு ஏக்கரில் ஒரு லட்சம் லிட்டர். இளகிய மண் தரை இதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். சிமென்ட் தளமோ அநேகமாக முழுவதையும் வெளியே தள்ளும். எல்லாத் தெருக்களின் நீரும் வழவழப்பான வடிகால்களில் விரைந்து ஒரே நேரத்தில் ஓடையில் வந்து விழும்போது, முன்பு அமைதியாகக் கடந்துபோன மழைகூட வெள்ளமாகிறது. மழை அதே மழைதான். நீர் வந்து சேரும் வேகம்தான் மாறியிருக்கிறது.

போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரம் போன்ற மலையடிவார ஊர்களுக்கு இது இரட்டைச் சுமை. மேற்கே மலையிலிருந்து ஓடைகளில் இறங்கும் நீர் ஒருபுறம். ஊர்த்தெருக்களே உண்டாக்கும் நீர் மறுபுறம். மலைமேல் ஏலத்தோட்டத்தில் என்ன நடக்கிறது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. நிழல்மரங்களின் இலைகள் மழைத்துளியின் அடியைத் தாங்குகின்றன. கீழே செடிகளுக்கிடையில் கிடக்கும் சருகை விலக்கினால் மேலே காய்ந்த இலை, அடியில் பாதி மக்கிய இலை, அதன்கீழ் விரல் வைத்தால் அமுங்கும் கரிய மண். அந்த அடுக்குகளில் ஊறிய பிறகே நீர் கீழே கசிகிறது. அடிவாரத்துத் தெருக்களில் இத்தகைய மண் ஒரு முழம்கூட மிச்சம் வைக்கப்படுவதில்லை.

மழைத்தோட்டம் எனப்படும் தாழ்பாத்தி செய்வது, மலையில் அந்தச் சருகும் மண்ணும் செய்யும் வேலையைத்தான். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1990-களின் தொடக்கத்தில் இது ஒரு பொறியியல் முறையாக வடிவம் பெற்றது. நீரைத் தரும் பரப்பில் இருபதில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை இடம் போதும். தெருமட்டத்துக்கு அரையடி முதல் ஓரடி வரை தாழ்ந்த பள்ளம், அதன்கீழ் இரண்டு மூன்று அடி ஆழத்துக்கு மணல் மிகுந்த மண்ணும் கொஞ்சம் மக்கிய உரமும், அடியில் ஜல்லி. நிலம் இறுகியதானால் ஜல்லிக்குள் துளையிட்ட குழாய் ஒன்று. மேலே வெட்டிவேர், கோரை போன்றவை. அவற்றின் வேர்கள் மண் இறுகாமல் வழி திறந்து வைக்கும். தெரு ஓரக்கல்லில் ஒரு முழம் இடைவெளி விட்டால் நீர் உள்ளே வரும். முதல் மழை அடித்துவரும் தூசி, எண்ணெய், சாணம், டயர்த் துகள் ஆகியவற்றில் பெரும்பகுதி மண்ணில் தங்கிவிடும்.

நம் ஊர்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. சாலை நடுத்திட்டில் மண்ணை மேடாகக் குவித்து அரளி நடுகிறார்கள்; மழையில் அந்த மண்ணும் கரைந்து சாலைக்கு வருகிறது. அதே திட்டைத் தாழ்த்தியிருந்தால் சாலையின் நீர் செடிக்குப் போயிருக்கும்.

தேங்கும் நீரில் கொசு வளரும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. சரியாக அமைத்த பாத்தி ஓரிரு நாளில் வற்றிவிடும். முட்டை கொசுவாக ஒரு வாரமாவது வேண்டும். ஆனால் வீட்டுக் கழிவுநீரை அதில் விட்டால் பாத்தி ஒருநாளும் காயாது. கொசு வரத்தான் செய்யும். இங்கே கண்டிப்பு தேவை.

பேய்மழையின் வெள்ளத்தை இந்தப் பாத்தி தடுக்குமா? தடுக்காது. 2015 டிசம்பரில் சென்னையை அடுத்த தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பெய்தது. அத்தகைய நீருக்கு ஏரியும் கண்மாயும் மறுகாலும் அடைபடாத ஓடையும் வேண்டும். ஆனால் அந்த வெள்ளப் பேரிடருக்குப் பிறகு சென்னையில் பெரும் பொருட்செலவில் வடிகால்கள் கட்டப்பட்டும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி மீண்டும் மூழ்கியது. அருகிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுருக்கிவிட்டுக் கான்கிரீட் கால்வாயை நீட்டுவது எப்படிப் பரிகாரமாகும்? அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 2011-இல் 25 ஆண்டுத் திட்டம் வகுத்தபோது, மாபெரும் சுரங்கக் குழாய்களுக்குப் பதிலாக மரக்குழிகள், மழைத்தோட்டங்கள் ஆகியவற்றையே முதன்மையாக நம்பியது.

தாழ்பாத்தியையும் எல்லா இடத்திலும் பொருத்திவிட முடியாது. போடிநாயக்கனூரிலிருந்து மலையேறும் போடிமெட்டுச் சாலையில் மழைக்காலத்தில் மண்ணும் பாறையும் சரிவது வழக்கம். செங்குத்துச் சரிவில் நீரை உள்ளே இறக்கினால் நிலத்தின் பிடி இன்னும் தளரும். அங்கே வேண்டியது மரமும் சருகும் நீரைப் பக்குவமாக விலக்கும் கால்வாயும். தாழ்பாத்திக்குரிய இடம் கீழே, சமதரையில்தான்.

2003-இல் தமிழகம் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. ஆனால் கூரை நீருக்கு வகை செய்த நாம் தெரு, பேருந்து நிலையம், சந்தைத் திடல், பள்ளி வளாகம் ஆகியவற்றின் நீரை வடிகாலுக்கே தாரை வார்த்துவிட்டோம். அடுத்த தெருவுக்குப் பேவர் பிளாக் கேட்டு மனு எழுதும் கிராமசபை, ஓரத்தில் நாலடி மண்ணைத் தாழ்த்தி விடவும், அதில் மழைக்கு முன் வண்டல் அள்ளவும் அதே மனுவில் கேட்க வேண்டும்.